வலைத்தளத்தில் நிலைப்பதும் நீங்குவதும்

(கோட்டைப்பட்டினத்தில் ஆற்றிய உரை)



கைப்பேசி நம் இல்லங்களில் புகுந்து வெகுநாளாயிற்று. வாட்ஸ்அப், முகநூல் போன்ற சமூக வலைத்தளங்களில் சிலர் விடாது நிலைத்திருக்கின்றனர். சிலர் மனம் வெறுத்து விலகுகின்றனர். இதன் காரணத்தை ஆராய்வது வீண்வேலையன்று. ஊர் நலனுக்கே அது அவசியமாகும்.

மக்கள் அங்கே இருப்பது கருவிக்காக அன்று, மனிதருக்காகவே. கூட்டம் கூடும் சந்தைக்கே விளைபொருள் வந்து சேரும் அன்றோ! 2004-ஆம் ஆண்டில் தோன்றிய ஆர்குட் என்னும் தளம் நம் நாட்டில் பெரிதும் பரவியிருந்தது. நண்பர்கள் முகநூலுக்கு மாறவே, ஏனையோரும் பின்தொடர்ந்தனர். 2014 செப்டம்பர் 30-ல் அது மூடப்பட்டது. 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு டிக்டாக்கைத் தடைசெய்தபோதும், பலர் வேறு தளங்களை நாடினரேயன்றிப் பழக்கத்தைக் கைவிடவில்லை.

விலகுவோருக்கும் தக்க காரணங்கள் உண்டு. ஓயாத சச்சரவு, வீணாகும் பொழுது, பணத்தைப் பறிக்கும் மோசடி, பொய்ச்செய்தி ஆகியவற்றால் அவர்கள் சலிப்படைகின்றனர். 2018 மே மாதம், குழந்தை கடத்துவோர் பற்றிய வதந்தியை நம்பித் திருவண்ணாமலை மாவட்டத்தில் மூதாட்டி ஒருவரை அடித்தே கொன்ற கொடுமையை நாம் அறிவோம். அவ்வாண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்குமேல் அனுப்பவியலாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வரம்பு விதித்தது. ஆயினும் வரம்பு மட்டும் போதாது. அனுப்பும் கைக்கும் பொறுப்பு வேண்டும்.

நம் கடற்கரைக்கு இது உயிர்ப் பிரச்னையாகும். சச்சரவு பொறாமல் மீனவர் ஒருவர் குழுவை விட்டு நீங்கினால், அக்குழுவில் வரும் புயல் எச்சரிக்கையும் அவரை எட்டுவதில்லை. கரையை விட்டு வெகுதூரம் சென்றபின் கைப்பேசி பயன்படாது. படகு புறப்படுமுன்னரே செய்தி சேரவேண்டும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் தாக்கியபோது மின்சாரம் தடைப்பட்டு, கைப்பேசிக் கோபுரங்களும் செயலிழந்ததை நம் மாவட்டத்தார் மறந்திருக்கமாட்டார்கள். ஆகவே கைப்பேசி ஒன்றையே நம்பியிருத்தலும் தகாது.

நாம் செய்யத்தக்கவை சில உள. வானிலை, கிராமசபை, குடிநீர் அறிவிப்புகளுக்குத் தனிக்குழு அமைத்து, பொறுப்பாளர் மட்டுமே அதில் எழுதுமாறு செய்யலாம். வாழ்த்தும் வாதமும் வேறு குழுவில் நடக்கட்டும். உறுதிப்படாத செய்தியை எவரும் மேலனுப்பலாகாது. பணமோசடிக்கு ஆளானோர் தாமதியாமல் 1930 என்ற எண்ணில் முறையிடவேண்டும். எவ்வறிவிப்பையும் ஒலிபெருக்கி வாயிலாகவும் அறிவிப்புப் பலகையிலும் தவறாது வெளியிடவேண்டும்.

வலைத்தளத்தில் இருப்பவரும் நம் ஊராரே; விலகியவரும் நம் ஊராரே. இருவருக்கும் ஒருங்கே செய்தி சேர்ப்பது பஞ்சாயத்தின் கடமையாகும். அக்கடமையை நாம் அனைவரும் கூடி நிறைவேற்றுவோமாக!