எளிய கணிதமோ, அரிய கணிதமோ?
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வெளிவந்ததும் நம் இல்லங்கள்தோறும் எழுகின்ற வினா ஒன்றுண்டு. கணிதத்தில் நல்ல சித்தி பெற்ற பிள்ளை உயர்தரத்தில் இணைந்த கணிதத்தை எடுப்பதா, அன்றி இலகுவான பாடங்களை நாடுவதா என்பதே அது. அவ்வினாவுக்குப் பெற்றோரின் ஆசை ஒரு விடை கூறும். தோழரின் அச்சம் வேறொரு விடை கூறும். பிள்ளையின் உள்ளத்தைக் கேட்பார் சிலரே.

முன்னாளில் தூய கணிதம், பிரயோக கணிதம் என இரு பாடங்களாக நின்றவையே பின்னர் ஒன்றாயின. ஆதலின் அதன் சுமை பெரிது. பரீட்சையில் மூன்று மணி நேர வினாத்தாள்கள் இரண்டு. ஒன்றில் அட்சரகணிதமும் திரிகோணகணிதமும் நுண்கணிதமும் வரும்; மற்றதில் நிலையியலும் இயக்கவியலும் நிகழ்தகவும் வரும். சாதாரண தரத்தில் இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் போதும். இங்கோ, தீர்க்காமலே அதன் மூலங்களின் இயல்பைக் கூறவேண்டும். மனனம் செய்தவன் இவ்விடத்திலேதான் திகைக்கின்றான்.

இலகுவான பாடத்தில் கூடிய புள்ளி பெற்றுப் பல்கலைக்கழகம் புகலாம் என்பார் உளர். இது முழு உண்மை அன்று. இன்று அனுமதி இசட் புள்ளியைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றது. ஒரு பாடத்தில் நாம் பெற்ற புள்ளி அப்பாடத்தின் சராசரியிலிருந்து எத்துணை விலகி நிற்கின்றது என்பதை நியமவிலகலால் வகுத்துக் காண்பதே அம்முறை. உதாரணமாக, ஒரு பாடத்தின் சராசரி 70, நியமவிலகல் 10 எனக் கொள்வோம். அதில் 80 பெற்றவனுக்குக் கிடைப்பது 1. மற்றொரு பாடத்தின் சராசரி 40, நியமவிலகல் 20 எனின், அதில் 70 பெற்றவனுக்குக் கிடைப்பது 1.5. எல்லோருக்கும் இலகுவானது எவனையும் உயர்த்துவதில்லை. ஆயினும் அதே அரிய பாடத்தில் 30 பெறுபவன் சராசரிக்குக் கீழே இறங்குவான் என்பதையும் மறத்தலாகாது.

இன்னொன்று: பொறியியல் பயில விரும்புவோன் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என்னும் மூன்றையும் எடுத்தல் வேண்டும். கணிதத்தில் உள்ள பற்றினால் இரசாயனவியலை விடுத்து உயர்கணிதத்தை எடுப்பவனுக்குப் பௌதிக விஞ்ஞானத்தின் வாயில் திறந்தே இருக்கும். பொறியியலின் வாயில் அடைபடும். எந்த வாயில் வேண்டும் என்பதை முதலில் தெளிக.

இளைஞர்களே, உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள். பரீட்சைக்கும் உயர்தர வகுப்புக்கும் இடையே கிடைக்கும் ஓய்வு நாட்களில் கடினமான கணக்குகள் சிலவற்றை விடையைப் பாராது செய்யுங்கள். எத்தனை சரியாயின என்று எண்ணவேண்டா. முதல் நாள் வராத கணக்கை மறுநாட் காலையில் நீங்களாகவே மீண்டும் எடுத்தீர்களா என்று பாருங்கள். எடுத்தீர்களாயின் அஞ்சவேண்டா, இணைந்த கணிதம் உங்களுக்குரியது. அதை எண்ணவே உள்ளம் கசக்குமாயின் வேறு துறையைத் தேர்வதில் இழுக்கு ஏதுமில்லை. கீதை கூறும் சுவதர்மம் அவரவர் இயல்புக்கேற்ற கடமையை வற்புறுத்துவதன்றோ?

பெற்றோர்களே, அயல்வீட்டுப் பிள்ளை பொறியியலாளன் ஆனான் என்பதற்காக உங்கள் பிள்ளையின் இளமைக் காலத்தைப் பணயம் வையாதீர்கள். அவ்வாறே, ஆற்றலுள்ள பிள்ளையை, அதுவும் பெண்பிள்ளையாயின், 'உனக்கேன் இந்தக் கஷ்டம்?' என்று தடுத்தலும் பெரும் பிழையாம்.

அச்சத்தால் எளியதை எடுப்பதும் ஆடம்பரத்தால் அரியதை எடுப்பதும் ஒரே தவறின் இரு முகங்கள். ஆராய்ந்து எடுத்ததை அயராது பயிலுங்கள். இறைவன் திருவருள் துணைநிற்பதாக.