திருக்கச்சி நம்பியும் தீட்டும்

(செம்பரம்பாக்கத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



மாசி மாதம் மிருகசீரிட நட்சத்திரத்தில் பூவிருந்தவல்லியிலே திருக்கச்சி நம்பிக்கு உற்சவம் நடக்கின்றது. காஞ்சி வரதராசப் பெருமாள் மீது தேவராஜ அஷ்டகம் என்று எட்டு வடமொழிச் சுலோகம் பாடியவர் அவர், இராமானுசருக்கு வழிகாட்டியவர். நம்பி பிறந்த பூவிருந்தவல்லி நமக்குக் கிழக்கே. இராமானுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் நமக்கு மேற்கே. ஆகவே இவ்விருவர் கதையை நடுவே இருக்கும் செம்பரம்பாக்கத்தார் விசாரிப்பது நியாயந்தான்.

கதையை நாம் கட்டவில்லை. வைணவர்களின் குருபரம்பரைக் கதைகளே சொல்லுகின்றன. பெருமாளுக்கு ஆலவட்டம் வீசியவர் நம்பி. சாமியே அவரோடு வாய்விட்டுப் பேசுமாம். அப்பேர்ப்பட்டவர் உண்டு மிச்சம் வைத்ததைத் தாம் உண்ண வேண்டுமென்று இராமானுசர் அவரை விருந்துக்கு அழைத்தார். நம்பி வந்தபோது இராமானுசர் வீட்டில் இல்லை. மனைவி தஞ்சம்மாள் சோறு போட்டார். நம்பி எழுந்து போனதும் மிச்சத்தை வெளியே கொட்டி, வீட்டை மெழுகி, தலைமுழுகினார். ஏன்? நம்பி பார்ப்பனரல்லாத குலத்தார்!

உபந்நியாசகர்கள் இந்த இடத்தில் அந்த அம்மையாரைத் திட்டிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். நாம் அப்படிப் போக மாட்டோம். அது அவர் தாமாகக் கண்டுபிடித்த ஆச்சாரமா? சாஸ்திரம் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தானே செய்தார்?

அவரை விடுங்கள், சாமி என்ன செய்தது? தம்மைச் சீடராக ஏற்கும்படி இராமானுசர் நம்பியைக் கேட்டார். தமக்கு அந்தத் தகுதி இல்லை என்றார் நம்பி. பிறகு அவர் வாயிலாகவே பெருமாள் ஆறு வார்த்தை அருளினாராம். அதில் ஒன்று, பெரிய நம்பியைக் குருவாகக் கொள் என்பது. பெரிய நம்பியோ பார்ப்பனர். நித்தம் தன்னோடு பேசுகிறவரைக் காட்டி, "இவர் இருக்க வேறு குரு எதற்கு?" என்று சொல்ல அந்தச் சாமிக்கு ஏன் நா எழவில்லை? சாதியைக் கற்பித்தவர்கள் சாமியின் வாயையும் பொத்திவிட்டார்கள் என்பதல்லாமல் இதற்கு வேறு சமாதானம் உண்டா?

பழங்கதை என்பீர்கள். 2022இல் ஐதராபாத் அருகே முச்சிந்தலில் இராமானுசருக்கு 216 அடிச் 'சமத்துவச் சிலை' திறந்தார்கள். சிலை உயர்ந்தது, கருவறை வாசல் திறந்ததா? பரம்பரை அர்ச்சகர் உரிமையைத் தமிழ்நாட்டுச் சட்டம் 1970இல் ஒழித்தது. 1972இல் உச்சநீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டு, நியமனம் ஆகமப்படி என்று ஒரு தாழ்ப்பாளும் போட்டது. பயிற்சி பெற்ற பல சாதியார் 24 பேர் ஒருசேர அர்ச்சகர் ஆணை பெற 2021 ஆகஸ்டு வரை ஆயிற்று. சாமி இல்லை என்கிற உங்களுக்கு இதில் என்ன அக்கறை என்பார்கள். சாமி இருக்கட்டும், போகட்டும்; மனிதனைத் தீட்டு என்பது போக வேண்டும். அதுதான் நம் அக்கறை.

பிறரை மட்டும் கேட்டால் போதாது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஆலைச் சாப்பாட்டுக் கூடத்தில் பக்கத்தில் இருப்பவன் யார் என்று பாராமல் தின்கின்றோம். அதனால் யார் குடியும் முழுகிவிடவில்லை. வீடு திரும்பியதும் ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்து கொள்ளுவானேன்? உற்சவத்துக்குப் பணம் கொடுக்கும் தோழர்களே! உங்கள் ஊர்ச் சாமி எந்தத் தெருவோடு திரும்பிவிடுகின்றது என்று பாருங்கள். அது திரும்பும் இடத்தில்தான் தஞ்சம்மாள் வீட்டு மெழுகல் இன்னும் காயாமல் இருக்கின்றது. அதை ஒழிக்க எவ்வளவு தொகை, எவ்வளவு துணிவு கொடுப்பீர்கள் என்று கேட்டு, இவ்வளவோடு முடித்துக் கொள்ளுகின்றோம்.