தோய்ச்சலும் பதமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



உலைக்களத்தில் வளர்ந்த உங்கள் முன்னிலையில் இரும்பைப்பற்றிப் பேசத் துணிவது கொல்லத் தெருவில் ஊசி விற்பதையொக்கும். எனினும், நம் கைகள் அறிந்ததன் காரணத்தை நம் பிள்ளைகள் அறியாதிருக்கின்றனர். ஆதலின் பேசத் துணிந்தேன்.

எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது நானே ஓர் உளி செய்தேன். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தேன். அரத்தால் ராவிப் பார்க்க, அரம் வழுக்கிற்று. பெருமிதங்கொண்டு, அப்படியே கருங்கல்லில் வைத்துச் சம்மட்டியால் அடித்தேன். முனை சிதறி என் புருவத்தைக் கிழித்தது. விரற்கடை தாழ்ந்திருப்பின் கண் போயிருக்கும். தந்தையார் காயத்தைக் கட்டிவிட்டு, "தோய்ச்சல் வைத்தாய், பதம் இறக்கவில்லை" என்றார். ஏன் என்று கேட்டேன், "அப்படித்தான்" என்றார். அந்த ஏனுக்கு விடையைப் பல்லாண்டுகட்குப் பின்னரே கற்றேன்.

எஃகென்பது இரும்போடு சிறிதளவு கரி கலந்தது. உளிக்கேற்ற எஃகில் நூற்றுக்கு முக்கால் பங்களவே கரியுண்டு. குளிர்ந்த இரும்பின் அணுக்கள் கரிக்கு இடங்கொடாத ஓர் அடுக்கில் நிற்கின்றன. அத்தகைய எஃகை சென்டிகிரேட் 727 பாகைக்கு மேல் காய்ச்சினால் அவ்வடுக்கு மாறி, கரியணுக்கள் உள்ளே கரைகின்றன. மெல்ல ஆறவிடின் கரி பிரிந்து, எஃகு மென்மையாகிறது. திடீரெனத் தோய்த்தாலோ, கரி வெளியேற நேரமின்றிச் சிறைப்பட்டு, அணுவடுக்கையே முறுக்கி நிறுத்துகிறது. ஜெர்மானியரான அடால்ப் மார்ட்டென்ஸ் பெயரால் இந்நிலையை மார்ட்டென்ஸைட் என்பர். கடினம் மிகும், ஆயின் கண்ணாடிபோல் நொறுங்கும்.

ஆகவே இரண்டாவது காய்ச்சல் இன்றியமையாதது. தோய்த்ததைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, இளஞ்சூட்டில் காட்டின், சிறைப்பட்ட கரி சிறிது தளர்கிறது. கடினம் சற்றுக் குறைய, உறுதி பெருகுகிறது. மேற்பரப்பில் தோன்றும் நிறமே அளவுகோல்: ஏறத்தாழ 230 பாகையில் வைக்கோல் நிறம், 255-இல் பழுப்பு, 280-இல் ஊதா, 300-இல் நீலம். கூர்மையே வேண்டும் கத்திக்கு வைக்கோல் நிறம். அடிதாங்கும் உளிக்கு ஊதா. வளைந்து நிமிரும் வில்லுக்கு நீலம். நம் முன்னோர் கண்ணால் கண்ட நிறங்கள் இவையே.

எல்லா உலோகத்திற்கும் ஒரே விதியென மயங்கலாகாது. கரி மிகக் குறைந்த இரும்பு எத்துணை தோய்த்தாலும் கடினமாவதில்லை. தட்டித் தட்டி இறுகிய செப்பும் பித்தளையும் பழுக்கக் காய்ச்சினால் இளகுகின்றன. தண்ணீரில் இட்டாலும் அவை எஃகைப்போல் இறுகமாட்டா. இக்காலத்தில் லாரியின் வில்பட்டையில் அரிவாள் அடிக்கின்றோம். அதில் வேறு உலோகங்களும் கலந்திருத்தலால் எண்ணெயில் தோய்த்தலே தக்கது. தண்ணீர் அதைப் பிளக்கக்கூடும்.

சபையோர்களே! தமிழ்நாட்டிலும் தெலுங்கு நாட்டிலும் மைசூர்ச் சீமையிலும் மண் மூசையில் உருக்கிய எஃகு, வூட்ஸ் என்னும் பெயரால் உலகெங்கும் மதிக்கப்பெற்றது. 1795-இல் ஜார்ஜ் பியர்சன் இலண்டன் ராயல் சொசைட்டியில் அதைப்பற்றி உரைத்தார். பின்னர் மைக்கேல் பாரடேயும் ஆராய்ந்தார். ஐரோப்பியக் கொல்லர் பலர் அதைத் தம் வழக்கப்படி வெண்சூட்டில் அடித்தனர். நூற்றுக்கு ஒன்றரைப் பங்களவு கரியுடைய அவ்வெஃகு உதிர்ந்துபோயிற்று. செஞ்சூட்டில் அடிக்கவேண்டுமென்பதை நம்மவர் அறிந்திருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலிவான அன்னிய எஃகு வந்து குவியவே, அத்தொழில் நலிந்து மறைந்தது. இன்று அதைப்பற்றி நாம் அறிவது பெரிதும் மேனாட்டார் குறிப்புகளாலும், மண்ணில் அகப்பட்ட மூசைத் துண்டுகளாலுமே. கையோடு இருந்த வித்தை கையோடு போயிற்று.

மீண்டும் அவ்வாறு நேராதிருக்க, பட்டறைதோறும் ஒரு குறிப்பேடு வையுங்கள். எந்த எஃகு, எந்த நிறம், எதில் தோய்த்தது, எவ்வாறு உழைத்தது என்று எழுதுங்கள். சூட்டை அறியக் காந்தத் துண்டொன்று போதும்: எஃகைக் காந்தம் பற்றாத சூட்டிற்குச் சற்று மேலே தோய்ச்சலுக்குரிய நேரம். பிள்ளை "ஏன்?" என்று கேட்டால், "அப்படித்தான்" என்னாமல் காரணம் கூறுங்கள். என் புருவத்துத் தழும்பு அதையே வேண்டுகிறது.