விமானி அமரும் ஆசனம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பற்றியும் இசை பற்றியும் பேச வல்லோர் பலர் இந்த அவையில் இருக்க, நாற்காலி செய்த கதையைச் சொல்லுமாறு செயலாளர் என்னைப் பணித்துவிட்டார். ரயில் பெட்டித் தொழிற்சாலையின் இருக்கைப் பிரிவில் 32 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றே.

என் பேரனை நம் குடியிருப்பில் யாவரும் அறிவீர்கள். விமானியாக வேண்டும் என்பது இளமை முதலே அவன் அவா. பள்ளிப் படிப்பு முடிந்ததும் மருத்துவச் சோதனைக்குச் சென்றான். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் ஆற்றல் அவன் கண்களுக்குக் குறைவு என்பது அன்றுதான் தெரிந்தது. விமானத்தின் இடச் சிறகு நுனியில் சிவப்பு விளக்கும், வலச் சிறகு நுனியில் பச்சை விளக்கும் எரிகின்றன. இரவில் எதிர்ப்படும் விமானம் எத்திசை நோக்கிச் செல்கிறது என்பதை அவற்றைக் கொண்டு அறிய வேண்டும். ஆதலால் அந்தத் தீர்ப்பைக் குறை கூற வழியில்லை. எனினும், பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த விளக்கம் ஆறுதல் ஆகுமா? இரண்டு மாதம் அவன் வீட்டில் எவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பின்னர் கணிப்பொறித் திரையில் போயிங் 737 விமானத்தைப் பாவனையாக ஓட்டத் தொடங்கினான். ஒரு நாள் என்னிடம் வந்து, "தாத்தா, சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்தால் ஓட்டுவது போலவே இல்லை. விமானி இருக்கை ஒன்று செய்யலாமா?" என்று கேட்டான். "இருவரும் சேர்ந்து செய்வோம்" என்றேன்.

விளையாட்டுப் பொருளுக்கு இத்தனை பாடா என்று நண்பர் சிலர் நகைத்தனர். பாவனை விமானத்தை முதலில் உலகமும் விளையாட்டுப் பொருளாகவே எண்ணிற்று. எட்வின் லிங்க் என்பவர் அமெரிக்காவில் இசைப்பெட்டி செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். 1929-ஆம் ஆண்டு, அந்த இசைப்பெட்டிகளின் துருத்தியையும் காற்றுக் குழாயையும் கொண்டே, தரையில் நின்றபடி சாய்ந்தும் திரும்பியும் ஆடும் சிறு விமானக் கூடு ஒன்றைச் செய்தார். அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்காரர்களே. 1934-இல் ராணுவ விமானிகள் அஞ்சல் சுமந்து பறந்தபோது, மோசமான வானிலையில் சிக்கிப் பலர் மாண்டனர். அதன் பின்னரே ராணுவம் லிங்கிடம் ஆறு கருவிகளை வாங்கிற்று. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கானோர் அக்கருவியில் பயின்றனர்.

நிற்க. முதல் இருக்கையை என் பழக்கப்படியே செய்தேன். பயணி சுகமாகச் சாயும் வண்ணம் முதுகு, தடித்த மெத்தென்ற ஸ்பாஞ்சு, மேலே நல்ல ரெக்சின். பார்த்தோர் பாராட்டினர். பேரனும் மகிழ்ந்தான். ஆனால் ஒரு விந்தை நிகழ்ந்தது. அமர்ந்த புதிதில் ஒழுங்காகத் தரையிறங்குபவன், ஒரு மணி நேரம் சென்றால் ஓடுபாதைக்கு முன்னரே விமானத்தைத் தரையில் மோதிவிடுவான். "என்னால் எதுவுமே ஆகாது தாத்தா" என்று எழுந்து போய்விட்டான். அந்தச் சொல் என்னைச் சுட்டது. அவனைக் காட்டிலும் என் நாற்காலி மேல்தான் எனக்கு ஐயம் எழுந்தது.

மறுநாள் அவனை அமர்த்தி, தரையிலிருந்து அவன் கண் எத்தனை உயரம் என்று அளந்தேன். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் அளந்தேன். ஸ்பாஞ்சு அமுங்கி, கண் 5 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது! கண் தாழ்ந்தால், முன்னே உள்ள கருவிப் பலகையின் மேல்விளிம்பு ஓடுபாதையின் அண்மைப் பகுதியை மறைத்துவிடும். மறைந்ததைக் காணும் பொருட்டு, அவனை அறியாமலே விமானத்தின் மூக்கைத் தாழ்த்தியிருக்கிறான். குற்றம் என் மெத்தையினுடையது.

அன்றுதான் விமானி இருக்கையின் இரகசியம் எனக்குப் புலப்பட்டது. பயணியின் இருக்கையை முதுகிலிருந்து தொடங்கிச் செய்கிறோம். விமானியின் இருக்கையைக் கண்ணிலிருந்து தொடங்க வேண்டும். விமானி அறையை வகுப்போர் முதலில் கண் இருக்க வேண்டிய புள்ளியைக் குறிக்கின்றனர். ஏர்பஸ் விமானங்களில் முன் கண்ணாடிகளின் நடுக்கம்பத்தில் சிறு உருண்டைகள் உண்டு. ஒன்றை ஒன்று மறைக்கும்படி தெரிந்தால், கண் சரியான இடத்தில் இருக்கிறது என்று பொருள்.

அப்படியானால் எல்லோர்க்கும் பொதுவாக ஒரு சராசரி இருக்கை போதாதா எனலாம். 1950-இல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளின் உடலளவுகளை எடுத்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்னும் இளம் ஆய்வாளர் அவற்றுள் 10 அளவுகளைத் தேர்ந்து ஒப்பிட்டார். பத்திலும் சராசரியாக அமைந்தவர் ஒருவர் கூட இல்லை! மனிதனுக்கேற்ப இருக்கை நகர வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இரண்டாம் இருக்கையை இந்த அறிவோடு தொடங்கினோம். ஆங்கிள் இரும்புச் சட்டம். அதன் மேல் 18 மில்லிமீட்டர் பிளைவுட். உயர்த்தவும் தாழ்த்தவும் பழைய காரின் ஜாக்கி ஒன்றை அடியில் பொருத்தினோம். கட்டுப்பாட்டுத் தண்டு முழுவதும் பின்னே வர இடம் வேண்டுமாதலால், மெத்தையின் முன்புறத்தில் நடுவே வெட்டுவிட்டோம். ஸ்பாஞ்சு மெல்லியது, ஆனால் கெட்டியானது. உண்மை விமானத்தில் இருக்கையின் தண்டவாளம் பின்கோடியில் வெளிப்புறமாக வளைந்திருக்கும். நடுவிலுள்ள கருவி மேடையில் இடிக்காமல் விமானி ஏறி அமர அது வழி செய்கிறது. ரயில்காரனுக்குத் தண்டவாளம் புதிதன்று, வளைத்துக் கொடுத்தேன். கருவிப் பலகையின் நடுவே இரண்டு பாசிமணிகளைக் கம்பியில் குத்தி, கண்ணுக்குக் குறி வைத்தவன் பேரன்.

இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நாம் செய்வது பாவனையே. 1988-இல் அமெரிக்கா வகுத்த விதிப்படி, புதிய வகைப் பெரிய விமானங்களின் இருக்கை மோதலில் புவியீர்ப்பைப் போல் 16 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். நம் மரமும் ஆணியும் அதற்கு ஈடாகா. வீட்டில் செய்த இருக்கையை ஓடும் வாகனம் எதிலும் பொருத்தாதீர்கள்.

இருக்கை முடிந்த அன்று மாலை, பேரன் முதலில் அமர்த்தியது தன் பாட்டியை. அவள் ஐந்தடிக்கும் குறைவு. அவன் தரையில் மண்டியிட்டு, ஜாக்கியை மெல்லச் சுற்றிக்கொண்டே, "பாட்டி, ஒரு மணி மற்றதை மறைக்கிறதா? இப்போது பாதை முழுதும் தெரிகிறதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். "தெரிகிறதடா கண்ணா" என்றாள் அவள். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவன் குரலில் பழைய துள்ளல் இருந்தது. இவ்வாண்டு அவன் இயந்திரப் பொறியியல் படிக்கச் சேர்ந்திருக்கிறான். பிறர் அமர்வதற்கேற்ற இருக்கைகளை வகுப்பதே தன் விருப்பம் என்கிறான்.

அந்த ஆசனம் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறது. ஞாயிறு மாலைகளில் குழந்தைகளை அனுப்புங்கள். ஜாக்கியைச் சுற்றி, அவரவர் கண்ணுக்கேற்ப உயர்த்திக் கொடுக்க நானும் பேரனும் காத்திருப்போம்.