தந்துரேயில் தோற்ற பெரிய படை

(அம்பிட்டியவில் நடந்த தோட்டக் கமிட்டித் தலைவர்மார், மாதர் தலைவிமார் வகுப்பில் ஆற்றிய உரை)



"கம்பனி பெரிசு, நாம என்ன செய்ய முடியும்?" என்ற பேச்சை லயத்தில் அடிக்கடி கேட்கிறோம். நாம் கூடியிருக்கும் இந்தக் கண்டிச் சீமையிலேயே அதற்குப் பதில் இருக்கிறது.

1594இல் போர்த்துக்கேயர் கண்டியைப் பிடிக்க வந்தார்கள். தலைமை தாங்கியவர் பேதுரு லோபஸ் த சூசா. குசுமாசன தேவியைப் பெயருக்கு அரசியாக்கி, நாட்டைத் தாங்கள் ஆள்வது அவர்கள் திட்டம். எதிரே நின்றவர் கொனப்பு பண்டார. பிறகு முதலாம் விமலதர்மசூரியன் என்று பெயர் பெற்றவர். அவரிடம் ஆட்கள் குறைவு. ஆனால் கோவாவில் போர்த்துக்கேயரோடு இருந்து அவர்கள் போர்முறையைத் தெரிந்துகொண்டவர்.

அந்தப் பெரிய படையில் வெள்ளைக்காரர் சிறு பகுதிதான். பல்லாயிரம் பேர் லஸ்கரின்கள். அதாவது இந்த நாட்டுக்காரர்கள். வழி காட்டியதும் பாரம் சுமந்ததும் முன்னால் நின்று சண்டை போட்டதும் அவர்கள்தான். அவர்களுக்குத் தலைவர் ஜெயவீர பண்டார முதலியார். அவர் கண்டியோடு இரகசியத் தொடர்பு வைத்திருப்பதாகக் காட்டும் ஒரு பொய்க் கடிதம் போர்த்துக்கேயர் கையில் சிக்கும்படி செய்யப்பட்டது என்று சொல்லப்படுகிறது. விசாரணை இல்லை; அவரைக் கொன்றுவிட்டார்கள். லஸ்கரின்கள் கூட்டம் கூட்டமாக விலகினார்கள். உணவுக்கும் வழியில்லாமல் பின்வாங்கிய மிச்சப் படை, பேராதனைக்கு அப்பால் தந்துரேயில் சுற்றி வளைக்கப்பட்டு ஒக்டோபர் 9ஆம் திகதி அழிந்தது. 1630இல் ஊவாவின் ரந்தெனிவெலவிலும் இதே கதைதான். லஸ்கரின்கள் மாறியதும் கொன்ஸ்தந்தீனு த சாவின் படை முடிந்தது.

தோழர்களே, பெரிய படையின் பலம் அதற்கு உழைத்த கைகளில் இருந்தது. கைகள் விலகியதும் பீரங்கி வெறும் இரும்பு.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இதே கண்டி 1815இல் பெரிய சண்டை இல்லாமலே ஆங்கிலேயர் கைக்குப் போனது. அரசனுக்கும் பிரதானிகளுக்கும் இடையில் இருந்த நம்பிக்கை முறிந்ததே காரணம். சந்தேகம் யாருடைய படையில் புகுந்தாலும் அந்தப் படை தோற்கும்.

2021இல் 1000 ரூபாய் நாட்சம்பளம் வந்ததும் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. கொழுந்து நிறையைக் கூட்டுவதும், நிறை வராவிட்டால் அரைப்பேர் போடுவதும் பல தோட்டங்களில் தகராறாகிவிட்டன. இந்த நேரத்தில் நம்மிடையேயும் "கடிதங்கள்" வரும்: "அந்தத் தலைவர் துரையிடம் காசு வாங்கிவிட்டார்", "மேல் டிவிசன்காரர் ஒத்துக்கொண்டார்கள்" என்று. ஜெயவீரரைக் கொன்றதுபோல நாம் அவசரப்படக் கூடாது. சம்பந்தப்பட்டவரைக் கமிட்டிக்கு அழைத்து, எல்லோர் முன்னாலும் கேட்போம்.

இன்று மூன்று முடிவுகளோடு தோட்டத்துக்குப் போவோம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒவ்வொரு டிவிசனிலும் நம் ஆள் ஒருவர் நின்று கணக்கை எழுதுவார். துரையிடம் பேச யாரும் தனியாகப் போவதில்லை. பெண் தொழிலாளி ஒருவராவது கூடப் போவார். வேறு சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவரையும் நிறை விஷயத்தில் நம்மோடு சேர்த்துக்கொள்வோம்.

மலையில் கொழுந்து பறிக்கும் கைகள் நம்முடையவை. அவை ஒன்றாக இருக்கும்வரை நாம் சிறிய படை அல்ல.