ஆட்டம் பெருத்தது, யாருக்கு லாபம்?
(பழனிக் கூட்டத்தில் பேசியதிலிருந்து)



ஐ.பி.எல். கிரிக்கெட்டில் 2022-ல் 8 அணிகள் 10 ஆயின. 60 ஆட்டங்கள் 74 ஆயின. ஏன்? ஆட்டம் பெருகினால் விளம்பரம் பெருகும். 2018–22-க்கு 16,347 கோடி ரூபாய்க்குப் போன ஒளிபரப்பு உரிமை, 2023–27-க்கு 48,390 கோடிக்குப் போயிற்று.

தொலைக்காட்சி உரிமை ஸ்டாருக்கு. இணைய உரிமை ரிலையன்சின் வயாகாம்18-க்கு. 2024 நவம்பரில் இரண்டும் ஒன்றாயின. இனிப் போட்டி மைதானத்தில் மட்டும்தான், சந்தையில் இல்லை! 2023-ல் கைபேசியில் இலவசமாகக் காட்டினார்கள். 2025-ல் கட்டணம் கேட்டார்கள்.

அந்தக் கோடிகளைக் கொடுப்பது யார்? ரீசார்ஜிலும், விளம்பரச் சரக்கின் விலையிலும் நாம்தான்.

தேசிய முக்கியத்துவமுள்ள ஆட்டங்களைத் தூர்தர்ஷனோடு பகிர வேண்டுமென்று 2007-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஐ.பி.எல். அதில் சேரவில்லை. சின்னப்பம்பட்டி உழைப்பாளி வீட்டுப் பிள்ளை நடராஜன் பந்து வீசுவதை, பழனி மில் தொழிலாளி காசில்லாமல் பார்க்க வேண்டாமா? சேர்க்கச் சொல்லிக் கேட்போம்!