பாகு பக்குவம்

சர்பத்துக்கும் இனிப்புப் பதார்த்தங்களுக்கும் வேண்டுமென்று இல்லத்திலேயே சர்க்கரைப் பாகு காய்ச்சி வைப்போர், சில தினங்களில் அது அடியில் கற்கண்டாக உறைந்துவிடுவதைக் கண்டு விசனப்படுவதுண்டு. சர்க்கரை 2 பங்குக்கு ஜலம் 1 பங்கு வார்த்து, முற்றும் கரையும்வரை கிளறி, கொதி கண்டதும் கரண்டியை விலக்கிவிட்டு, சில சொட்டு எலுமிச்சைச் சாறு பிழிந்து மேலும் சிறிது காய்ச்சினால், அந்தப் புளிப்பானது சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்னும் இருவகைச் சர்க்கரைகளாகப் பிரித்து, பாகு மறுபடி படிகமாவதைப் பெரிதும் தடுத்துவிடுகிறது. இத்தகைய கெட்டிப் பாகில் கிருமிகள் ஜீவிப்பதற்கு வேண்டிய நீர் கிட்டாதாகையால் அது நெடுநாள் கெடுவதில்லை. சம அளவு ஜலம் வார்த்த நீர்த்த பாகோ சீக்கிரமே பூஞ்சணம் பிடிக்குமாதலின், அதைக் குளிர்ப்பெட்டியில் வைப்பதே உசிதம். எதுவாயினும், நன்றாக ஆறியபின் ஈரமற்ற கண்ணாடிப் புட்டியில் ஊற்றி மூடி, உலர்ந்த கரண்டியாலேயே எடுத்து உபயோகியுங்கள்.